எடை1, எடை2, எடை3... வேணாமே

நேத்து மன்னார்குடில அக்கா பொண்ணு அவ பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழில எழுதுன ப்ரோக்ராம காட்டுனா. சம்பா அறுவடை, களத்துல கிடக்குற 40 மூட்டை நெல்லு எடைய கூட்டணும், அதுக்கு எடை1, எடை2னு எடை40 வரைக்கும் தனித்தனி வேரியபிள், அதாவது ஒவ்வொரு எடையையும் போட்டு வைக்க ஒரு பேரு (பைத்தான் 3ல தமிழ்லயே பேரு வைக்கலாம், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம்), கடைசில எல்லாத்துக்கும் ப்ளஸ் போட்டு ஒரே நீள வரி, அதுல எடை27 விட்டுப்போயி மொத்தத்துல ஒரு மூட்டை காணோம்.

பேருல நம்பர் போட்டா அது நமக்குத்தான் வரிசை, கம்ப்யூட்டருக்கு எடை1க்கும் எடை2க்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

எடைகள்னு ஒரே லிஸ்ட் வை கண்ணு, எல்லா எடையும் ஒரே பேருல வரிசையா இருக்கும், உள்ள 40.2, 39.8, 40.1னு போட்டுக்கிட்டே போ, மொத்தத்த 0ல ஆரம்பிச்சு ஃபார் லூப்புல ஒவ்வொண்ணா கூட்டுன்னேன். இனி 300 மூட்டை வந்தாலும் கூட்டுற வரி அதேதான்.

பைத்தான் லிஸ்ட்ட 0ல இருந்து எண்ணும், அதனால முதல் மூட்டை எடைகள்[0], நாப்பதாவது எடைகள்[39]. எடைகள்[40]னு கேட்டா எரர்தான், இதுல எல்லாரும் ஒருதடவ மாட்டுவாங்க.

அப்புறம் ஈரப்பதத்துக்கும் ஒரு லிஸ்ட் போட்டா, 17 சதவீதத்த தாண்டுன மூட்டைய பிரிக்க லூப்புக்குள்ள ஒரே ஒரு இஃப் (இப்படி இருந்தா இத செய்னு சொல்றது), அத அவளே எழுதிட்டா.