மூணுலயே கிளம்புறவங்க

சிவதாபுரத்துல சின்னதா ஒரு கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். முடிஞ்ச சரக்கை எக்ஸ்எல் மொபெட்ல வச்சு செவ்வாய்ப்பேட்டைக்கும் அஞ்சு ரோட்டுப் பக்கமும் கொண்டுபோறது என் வேலை. அதனால சேலத்து சிக்னலுங்க எனக்கு அத்துப்படி.

மிச்ச நொடி நம்பரா ஓடுற சிக்னலைக் குறை சொல்ல எனக்கே மனசு வராது. 90னு காட்டினா வண்டியை அணைச்சுட்டு முகத்தைத் துடைக்கலாம், பெட்ரோலும் மிச்சம். வம்பெல்லாம் 5க்குக் கீழதான். 5ல பின்னாடி ஹாரன் ஆரம்பிக்கும். 4ல எல்லாரும் ஸ்டார்ட் பண்ணிடுவாங்க. 3ல முன்வரிசை வெள்ளைக்கோட்டைத் தாண்டி நிக்கும். 2ல ஆளே இருக்க மாட்டான்.

என் பக்கம் 3னு ஓடுறப்ப குறுக்குரோட்டுல பெரும்பாலும் மஞ்சள் எரியும், இல்லைன்னா எல்லாப் பக்கமும் சிவப்பா இருக்கும். நடுவுல மாட்டின வண்டி வெளியே போகட்டும்னு விடுற நேரம் அது. அந்தப் பக்கத்துக்காரனும் பச்சையில 2, 1னு பாத்துத்தான் வர்றான். நின்னா இன்னும் ஒன்றரை நிமிஷம்னு அவனுக்கும் தெரியும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு முறுக்குவான். 50ல போற வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். இவன் முந்திக் கிளம்ப, அவன் பிந்தி நுழைய, ரெண்டு பேரும் நடு ரோட்டுல சந்திக்கணும்.

போன ஆடியில சந்திச்சேன். 2ல கிளம்பினவன் நானேதான். வெள்ளைக் கார் ஒண்ணு மூக்கை உரசாத குறையாப் போச்சு. பிரேக் அடிச்சதுல எக்ஸ்எல் சாஞ்சு, முன்னாடி வச்சிருந்த பை பிரிஞ்சு 12 ஜோடி கொலுசும் ரோட்டுல. முழங்கை சிராய்ப்பை விட அந்தச் சத்தம்தான் இன்னும் காதுல நிக்குது. பாலத்துக்கடியில பூ கட்டுற அம்மா ஓடி வந்து பொறுக்கிக் கொடுத்தாங்க. "கை காலு இருக்குதில்ல கண்ணு, ஜோடி எண்ணிப் பாரு"ன்னாங்க. 23 இருந்துச்சு.

சில நாள் கழிச்சு அதே சிக்னல்ல நம்பர் பலகை மட்டும் அவிஞ்சு கிடந்துச்சு. விளக்கு எரியுது, எண் இல்ல. பச்சை விழுந்ததும் முன்வரிசைக்காரங்க ஒரு நொடி தயங்கி, இடமும் வலமும் பாத்துட்டு நகர்ந்தாங்க. ஏற்காட்டு மலையில 20 கொண்டை ஊசி வளைவுலயும் எந்த நம்பரும் ஓடல. ஏறுற வண்டிக்கு இறங்குறவன் ஒதுங்கி வழி விடுறான், அவ்வளவுதான். அந்த ஞாபகம் வந்துச்சு. (பலகையை ரெண்டே நாள்ல சரி பண்ணிட்டாங்க. மத்த ரிப்பேரும் இந்த வேகத்துல நடந்தா தேவலை.)

ஒத்தைக் கொலுசை இன்னும் உருக்கல, கல்லாவுலதான் கிடக்கு. இப்பல்லாம் பச்சை விழுந்த பிறகு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டுத்தான் முறுக்குறேன். நேத்து பின்னாடி இருந்த பையன் கேட்டான்: "அண்ணா, தூங்கிட்டீங்களா?"