மல்லிக்கும் கடுகுக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து

5 நவம்பர் 2023, ஞாயிறு

எங்கள் பூனை மல்லியின் வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டியிருக்கிறது. முதுகைத் தடவினால் சின்னச் சின்னப் பொருக்குகள் விரலில் தட்டுப்படுகின்றன. பேன் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினேன். சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளையும் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவியது. வெறும் தூசியாக இருந்தால் அப்படிப் பரவாது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம் அது. பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மல்லி நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருப்பவள், அகப்பட்டதையெல்லாம் விழுங்கியிருப்பாள்.

கடுகின் நிலை வேறு. அக்கா மகள் தெருமுனையிலிருந்து தூக்கிவந்த பூனைக்குட்டி, ஏழு வாரம் இருக்கலாம். வயிற்றுப் பக்கம் ரோமத்தை விலக்கினால் பூச்சிகள் சிதறி ஓடுகின்றன. ஈறு வெளுத்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது அந்த ஈறுதான். உள்ளங்கையில் அடங்கும் உடம்பில் ரத்தமே கொஞ்சம். அதையும் பல வாய்கள் உறிஞ்சினால் குட்டி செத்தே போகும்.

6 நவம்பர், திங்கள்

பொழுது விடிந்ததிலிருந்து யோசனைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மாடி வீட்டு மாமி, "சோற்றில் ஒரு பல் பூண்டு நசுக்கிப் போடு, தானாக ஓடிவிடும்" என்றார். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அதைக் கொடுப்பதற்குப் பூச்சியையே விட்டுவைக்கலாம். அம்மா தொலைபேசியில் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசச் சொன்னார். "பூனை தன் உடம்பில் பூசியதையெல்லாம் நக்கிவிடும் அம்மா, கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்" என்றேன். "உனக்கு எதைச் சொன்னாலும் ஒரு பதில் இருக்கும்" என்று வைத்துவிட்டார். தைல மரத்து எண்ணெய், டீ ட்ரீ ஆயில் என்று இயற்கையின் பேரால் விற்கும் புட்டிகளுக்கும் இதே பதில்தான்.

மாலையில் செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எதையும் விசாரிக்காமல், தோலில் விடும் மருந்துக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். "நாய்க்கு உள்ளதுதான், பூனைக்குப் பாதி ஊற்றுங்கள், போதும்." பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். பெர்மெத்ரின். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் "பாதி ஊற்றுங்கள்" என்கிற வைத்தியம் ஊர் முழுக்க இருக்கிறது. நாயின் கல்லீரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. நாய்க் குழாய்களில் அந்த மருந்து பாதிக்குப் பாதி அடர்த்தியில்கூட இருக்கும். அதில் சில சொட்டுகளே பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சில வேளைகளில் மரணம் வரை கொண்டுபோகும். பாதியாக்கினாலும் கால்வாசியாக்கினாலும் நஞ்சு நஞ்சுதான். நாய்களின் உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராசும் பூனைக்கு ஆகாது. பெட்டியின் மேல் பூனைப் படம் இருக்கிறதா என்று பார்ப்பதும் போதாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். பிழைதிருத்திப் பிழைப்பவள் என்பதால் பொடி எழுத்து எனக்குப் பழக்கம்.

7 நவம்பர், செவ்வாய்

மருத்துவர் முதலில் தராசைத்தான் எடுத்தார். மல்லி 3.4 கிலோ, கடுகு 620 கிராம். பிறகு கேள்விகள்: வெளியே போகுமா, வீட்டில் நாய் உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா, காதுக்குள் கறுப்பு அழுக்கு இருக்கிறதா. ஒவ்வொரு பதிலும் ஒரு மருந்தைச் சேர்க்கிறது அல்லது நீக்குகிறது. காதில் சிற்றுண்ணியும் வயிற்றில் உருண்டைப் புழுவும் சேர்ந்திருந்தால் செலமெக்டின் நல்லது, ஒரே சொட்டில் எல்லாம் தீரும். ஃப்ளூராலனர் ஒருமுறை விட்டால் மூன்று மாதம் தாங்கும். ஆனால் வலிப்பு வந்த பூனைக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். நைட்டென்பைராம் மாத்திரை அரை மணி நேரத்தில் பூச்சியைக் கொல்லத் தொடங்கும், ஒரே நாளில் வேகம் தீர்ந்துவிடும்.

மல்லிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பிப்ரோனிலும் மெத்தோப்ரீனும் சேர்ந்த சொட்டு மருந்து, பூனைக்குரிய 0.5 மி.லி. குழாய், மாதம் ஒன்று. முதலாவது வளர்ந்த பூச்சியைக் கொல்கிறது. இரண்டாவது முட்டை பொரிந்து வளர்வதைத் தடுக்கிறது.

கடுகுக்கு அது கூடாது. எட்டு வாரமும் ஒரு கிலோவும் ஆக வேண்டுமாம். மருத்துவரே பிப்ரோனில் தெளிப்பானைக் கையுறையில் அடித்து, ரோமத்தின் எதிர்த்திசையில் தடவிவிட்டார். முகத்தின் பக்கம் விரல் நுனியால் மட்டும். காயும் வரை துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ரத்தத்துக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

8 நவம்பர், புதன்

மல்லிக்கு மருந்து விட்டேன். இரண்டு தோள்பட்டைகளுக்கு மேலே, கழுத்தின் பின்புறம், நாக்கு எட்டாத இடம். ரோமத்தைப் பிளந்து தோல் தெரிந்த பிறகுதான் குழாயை அழுத்த வேண்டும்; ரோமத்தின் மேலேயே விட்டால் பாதி வீணாகும். பிப்ரோனில் தோலின் எண்ணெயோடு கலந்து உடம்பு முழுக்கப் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, மெல்ல மெல்ல வெளிவருகிறது. அதனால்தான் இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது என்கிறார்கள். மல்லியைக் குளிப்பாட்டும் துணிவு இந்த வீட்டில் எவருக்கும் இல்லை, ஆகவே அந்த விதி எளிது.

அக்கா மகள் பூச்சிக்கென்று, மணி வைத்த வாசனைக் கழுத்துப்பட்டை ஒன்றை வாங்கி வந்தாள். மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம்.

12 நவம்பர், தீபாவளி

வெடிச் சத்தத்துக்கு இரண்டும் கட்டிலுக்கு அடியில். கடுகின் ஈற்றில் இளஞ்சிவப்பு தெரிகிறது.

27 நவம்பர், திங்கள்

மல்லியை வாரினேன், சீப்பில் உயிரோடு பூச்சிகள். சோப்புத் தண்ணீரில் தட்டினேன், மூழ்கின. என் வீட்டுக்காரர் உடனே, "இந்த மருந்து போலி. வேறு கம்பெனி வாங்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடலாம் என்று அழைத்தேன். அவர் மருந்தைப் பற்றியே பேசவில்லை. "பாயும் மெத்தையும் எப்படி இருக்கின்றன?" என்றார்.

அவர் சொன்னது இது. பூனையின் மேல் நாம் காணும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான். மீதி முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை வழுவழுப்பானவை, ரோமத்தில் ஒட்டாமல் பூனை படுத்த இடத்திலெல்லாம் உதிர்கின்றன. புழு வெளிச்சத்துக்கு அஞ்சிப் பாயின் மடிப்பிலும் சோபாவின் இடுக்கிலும் புகுந்து, உதிர்ந்த ரத்தத் தூளைத் தின்று வளர்கிறது. பிறகு ஒட்டும் நூலால் கூடு கட்டுகிறது. அதன் மேல் வீட்டுத் தூசியே போர்வை. அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாகப் போகாது. மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். நம் காலடி அதிர்வோ உடம்புச் சூடோ மூச்சுக் காற்றோ பட்டால் வெளியே குதிக்கும்.

நான் சீப்பில் கண்டவை அப்படிப் புதிதாகக் குதித்தவை. மல்லியின் மேல் ஏறிய பிறகு ஒரு நாளுக்குள் சாகும். மருந்து வேலை செய்கிறது, பூச்சியும் தெரிகிறது, இரண்டும் உண்மை. இந்த மூன்றாவது வாரத்தில்தான் பலர் மருந்தை மாற்றுகிறார்களாம். இன்னும் மோசமாக, ஒன்றின் மேல் இன்னொன்றை ஊற்றுகிறார்களாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படியானால் பாயை யார் துவைப்பது?" என்றார். இப்போது அவர்தான் துவைக்கிறார்.

29 நவம்பர், புதன்

கீழ் வீட்டார் தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பூட்டியிருந்த வீட்டை நேற்றுத்தான் திறந்தார்கள். உள்ளே காலை வைத்ததும் கணுக்கால் முழுக்கக் கடி. மாமா மாடிப்படியிலிருந்தே, "உங்கள் பூனையால் எங்களுக்குப் பிளேக் வரும் போலிருக்கிறதே" என்று குரல் கொடுத்தார்.

பிளேக்கைப் பரப்புவதில் முதன்மையானது எலித் தெள்ளுப்பூச்சி, வேறு இனம். ஆனால் அந்தக் கதையில் ஒரு பூனையும் உண்டு. 1898இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் வைத்தார். பூச்சி போதவில்லை என்று, தங்கியிருந்த விடுதியில் திரிந்த பூனையிடமிருந்து சிலவற்றை எடுத்து அதன் மேல் விட்டார். தொடாத தூரத்தில் கம்பிக்கூண்டில் வைத்த நல்ல எலியும் சில நாளில் பிளேக்கால் செத்தது. நோயைக் கொண்டுபோவது பூச்சி என்று அவர் எழுதியதைப் பல ஆண்டுகள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சண்டை இன்னும் பெரிதாகியிருக்கும். பூனைத் தெள்ளுவால் நமக்கு வரக்கூடியது பெரும்பாலும் பூனைக் கீறல் காய்ச்சல். பூச்சியின் கழிவு நகத்தில் ஏறிக் கீறல் வழியே உள்ளே போகிறது. கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் மல்லி வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. பூட்டிய வீட்டுக்குள் பூச்சி எப்படிப் போனது? மாடிப்படிக்குக் கீழே கீழ் வீட்டு ஜன்னலை ஒட்டி ஒரு பழைய சாக்கு கிடந்தது. தெருவில் ஜமீன்தார் என்று நாங்கள் அழைக்கும் கடுவன் பூனை மழைக்கு ஒதுங்கும் இடம் அது. சாக்கை உதறிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நெருங்கியதும் காலில் ஏறின. நெகிழிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம்.

6 டிசம்பர், புதன்

மிக்ஜாம் புயல். திங்கள் முழுக்கக் கொட்டிய மழையில் தெரு ஆறாக ஓடியது. மின்சாரம் இன்றுதான் வந்தது. ஜமீன்தாரும் அவரோடு இரண்டு அறிமுகமில்லாத பூனைகளும் எங்கள் படிக்கட்டில் தஞ்சம். விரட்ட மனம் வரவில்லை. துவைத்த பாய் காயவில்லை, மெத்தையில் ஈரம். தெள்ளுப் புழுவுக்கு வேண்டியது இதுதான், ஈரக் காற்றும் மிதமான சூடும். காற்று வறண்டால் காய்ந்து சாகும் பிராணி அது. சென்னை டிசம்பரில் எங்கே வறளும்?

9 டிசம்பர், சனி

மல்லிக்கு இரண்டாவது குழாய். கடுகு 1.1 கிலோ, அவனுக்கும் முதல் சொட்டு. ஒரு துளி கன்னத்தில் பட்டு நக்கிவிட்டான், வாயில் நுரை தள்ளியது. கசப்பினால் வரும் நுரை. தண்ணீர் கொடுத்ததும் அடங்கியது. நடுக்கம் வந்திருந்தால் ஆட்டோ பிடித்திருப்பேன்.

ஜமீன்தார் மீன் தலையில் கவனமாக இருந்தபோது அவர் கழுத்திலும் ஒரு குழாயைக் கவிழ்த்தேன். தராசில் ஏற அவர் இசையமாட்டார். பெரிய பூனைக்கும் அதே ஒரு குழாய்தான் என்பது வசதி. வீட்டுப் பூனைகளுக்கு மட்டும் மருந்து விட்டு, வாசல் பூனையை விட்டுவைத்தால் இந்த வேலை முடிவதே இல்லை.

17 டிசம்பர், ஞாயிறு

கீழ் வீட்டார் பூச்சிமருந்து அடிக்க ஆள் வரவழைத்தார்கள். என்ன மருந்து என்று கேட்டேன், பெர்மெத்ரினின் உறவுக்காரன். தரை நன்றாகக் காயும் வரை எங்கள் கதவு ஜன்னல்களை அடைத்துப் பூனைகளை உள் அறையில் வைத்தேன். எங்கள் வீட்டில் அடிக்கவில்லை. மொசைக் தரை, கம்பளம் இல்லை. பெருக்கித் துடைப்பதே போதும். சோபா இடுக்கை வேக்கம் கிளீனரால் இழுத்து, பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அந்த அதிர்வே கூட்டுப்புழுவை எழுப்பிவிடும் என்பதால் முதல் சில நாள் பூச்சி கூடுதலாகத் தெரிவது இயல்பு.

3 ஜனவரி 2024, புதன்

மல்லி படுத்த இடத்தில் அரிசி நொய் போல ஏதோ கிடந்தது. உற்றுப் பார்த்தால் அசைகிறது. நாடாப்புழுவின் துண்டு. நாடாப்புழுவின் இளநிலை தெள்ளுப்பூச்சிக்குள் இருக்கிறது. பூனை நக்கும்போது பூச்சியை விழுங்குகிறது, புழு குடலில் வளர்கிறது. பிப்ரோனில் இதைத் தொடாது. பிராசிக்வாண்டல் மாத்திரை வாங்கி வந்தோம். கருவாட்டுக்குள் ஒளித்தேன், கருவாட்டைத் தின்று மாத்திரையைத் தனியாகத் துப்பி வைத்திருக்கிறாள். பிறகு துண்டில் சுற்றி, வாயைத் திறந்து, நாக்கின் அடிப்பகுதியில் போட்டோம். என் மணிக்கட்டில் இரண்டு கோடுகள். சோப்புப் போட்டுக் கழுவினேன்.

9 ஜனவரி, செவ்வாய்

எல்லோருக்கும் குழாய். ஜமீன்தார் வரவில்லை.

16 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

வெயில் திரும்பியிருக்கிறது. மெத்தை, தலையணை எல்லாம் மொட்டை மாடியில். சீப்பில் ஒரே ஒரு பூச்சி, அதுவும் தள்ளாடிக்கொண்டு. ஜமீன்தார் பொங்கலுக்கு வந்தார். குழாயோடு மீன் தலையும்.

10 பிப்ரவரி, சனி

மல்லியின் வாலடியில் புது முடி, முன்னைவிடக் கொஞ்சம் கறுப்பாக. ஈரத் தாளில் தட்டிய தூள் தூசியாகவே இருக்கிறது. வீட்டுக்காரர், "இனிமேல் நிறுத்திவிடலாமே, காசு மிச்சம்" என்கிறார். மருத்துவர் குளிர்நாடுகளில்தான் இடைவெளி விடுவார்கள், இங்கே ஆண்டு முழுக்கப் பூச்சிக்கு ஏற்ற காலம் என்கிறார். வாசல் பூனைகள் ஏறி இறங்கும் வீடு இது, நான் மருத்துவர் கட்சி. மார்ச் குழாய்கள் மூன்றும் அலமாரியில் இருக்கின்றன. கடுகு 2 கிலோவைத் தாண்டிவிட்டான். அடுத்த வாரம் தடுப்பூசிக்கு அழைத்துப் போக வேண்டும், கூடை வாங்க வேண்டும்.