கலயத்தில் தடவும் சுண்ணாம்பு

ராமநாதபுரம் கடற்கரையில் சாயல்குடி, நரிப்பையூர், மூக்கையூர் பக்கம் பனைமரத்துப் பதநீர் ருசித்தால் மண்ணைப் புகழ்வார்கள். புளித்தால் வெயிலைத் திட்டுவார்கள். வேலை தெரிந்தவர்கள் பதநீர் பிடிக்க மரத்தில் கட்டும் கலயத்தைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

பனையின் பூந்தண்டான பாளையிலிருந்து பதநீர் சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் சேர்ந்துவிடும். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உள்ள நீர், சித்திரை வெயில். சில மணி நேரத்தில் நுரை கட்டிக் கள்ளாகிவிடும். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் செய்பவர், திராட்சைச் சாற்றின் சர்க்கரை தீரும்வரை நொதிக்க விடுகிறார். பனைக்காரர் வேலை நேர் எதிர்: சர்க்கரையில் துளியும் நொதிக்கக் கூடாது. அதற்குத்தான் கலயத்தில் சுண்ணாம்பு. கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை என்பதால், சுண்ணாம்பில்லாத கலயம் மரத்தில் தொங்கினால் சட்டச் சிக்கலும் உண்டு.

நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துக் கலயத்தின் உள்ளே அடியிலும் பக்கத்திலும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். காரத்தன்மை ஏறினால் ஈஸ்ட் பெருகாது. பூச்சு குறைந்தால் பதநீர் புளிப்பதோடு நிற்காது. சர்க்கரை உடைந்துபோய், எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி உறையாமல் களியாக இழுக்கும். கூடினால் நாக்கில் காறல், கருப்பட்டியில் கருத்த நிறம். பழைய கலயத்தைக் கழுவிக் காயவைக்காமல் மேலேயே சுண்ணாம்பு தடவுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நேற்றைய புளிப்பு அடியில் ஒட்டியிருக்கும்போது இன்றைய சுண்ணாம்பு அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

பனை பருவத்துக்கு வர 12, 15 ஆண்டு ஆகும். பூக்கும்வரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஆண் பனையில் பாளையின் கதிர்களான அலகுகளைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்னும் இரட்டைக் கம்பால் நாள்தோறும் பதமாக நசுக்கி, நுனி சீவி ஊற வைப்பார்கள். பெண் பனையில் குரும்பை முற்றும் முன் அதே பக்குவம். முரட்டுத்தனமாக நசுக்கினால் பாளை கருகும். மென்மை கூடினால் நீர் இறங்காது. இந்த அழுத்தத்தைக் கைதான் படிக்க வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது.

காலையும் மாலையும் காகிதம்போலச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீரும். ஒருநாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்சலோ கல்யாணமோ, அந்தப் பாளைக்கு விடுப்பு கிடையாது. கூலி பேசும்போது பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகையான விடிலிக்கு வந்ததும் பன்னாடையில் வடிகட்டி, அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்துக் காய்ச்சுவார்கள். எட்டுப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. சீமைக்கருவேல் விறகும் காய்ந்த ஓலையும் எரிபொருள். பொங்கினால் நசுக்கிய ஆமணக்கு விதை கொஞ்சம் போட்டால் நுரை அடங்கும். பாகுபோலக் கெட்டியாகும் கூப்பனிப் பதம் தாண்டியதும் தீயைக் குறைக்காவிட்டால் அடிபிடித்துக் கசக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும்: உருண்டால் இறக்கிக் கிண்டி, நனைத்த சிரட்டையில் ஊற்றலாம், கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

கடற்கரை ஈரத்தில் நல்ல கருப்பட்டியும் கசியும். ஐப்பசி கார்த்திகை தாண்ட வேண்டுமானால் ஓலைப்பெட்டியில் கட்டி அடுப்புப் புகை படும் பரணில் வைப்பதே மேல். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து ஒழுகி, இரண்டு மழைக்குள் பூசணம் பிடித்துவிடும்.