ஒரு வாளி மண்ணும் ஒரு பை விதையும்

வீட்டு முன்னால் புல்தரை போடலாம் என்று ஆசை வந்தது. வந்த கையோடு மண்வெட்டியை எடுத்து, தானாக முளைத்துக் கிடந்த புல் பூண்டையெல்லாம் பிடுங்கித் தள்ளினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. இடுப்பும் போனது.

"நல்லாத்தானே இருக்கு, அதை ஏன்டா பிடுங்குற?" என்றார் அம்மா.

"இது களைம்மா."

அடுத்து மண் பரிசோதனை. முறைப்படிதான் செய்தேன். பன்னிரண்டு இடங்களில் 'வி' வடிவில் குழி வெட்டி, 10 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டில் ஒரு சீவல் மண் எடுத்து, எல்லாவற்றையும் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து... கடைசியில் கையில் நின்றது அரை கிலோ. நிழலில் உலர்த்தி அனுப்பினேன்.

அறிக்கை வந்தது. கார அமில நிலை 6.8. புல்லுக்கு 6 முதல் 7 வரை தோதானது, சுண்ணாம்பு போடும் வேலை மிச்சம். தழைச்சத்து குறைவு, சரி, உரம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் துத்தநாகம் மட்டும் எக்கச்சக்கம்! அடியில் சுரங்கமே இருக்கிறதோ என்று பூரித்துப்போய் ஆய்வகத்துக்குப் போன் போட்டேன்.

"மண்ணை எந்த வாளியில கலந்தீங்க?"

"தகர வாளி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. வாளியின் துத்தநாக முலாம் மண்ணோடு உரசி வந்திருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் கலக்கவும் என்று குறிப்பில் முதல் வரியிலேயே இருந்தது. நான் இரண்டாவது வரியிலிருந்து முறைப்படி செய்திருக்கிறேன்.

விதைக்கு வந்தேன். நாள் முழுக்க வெயில், மிதித்து விளையாடப் பிள்ளைகள். இரண்டையும் தாங்குவது பெர்முடா புல் என்றார்கள். பெயரைக் கேட்டதும், போட்ட விதை மாயமாகிவிடுமோ என்று கொஞ்சம் பயம்தான். கிராமுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் பொடி விதை. தும்மினால் பக்கத்து வீட்டில் முளைக்கும். மணலில் கலந்து தூவி, லேசாகக் கீறிவிட்டு, மேல்மண் காயாமல் தினமும் பூவாளியில் தண்ணீர் விட்டேன். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. அப்புறம் கிடுகிடுவெனப் படர்ந்தது.

அம்மா குனிந்து ஓர் இழையைக் கிள்ளிப் பார்த்தார்.

"நீ பிடுங்கிப் போட்ட அருகம்புல்தானேடா இது?"

விதைப் பையைத் திருப்பினேன். சைனோடான் டாக்டிலான் என்று போட்டிருந்தது. அருகம்புல்லின் தாவரவியல் பெயரைத் தேடினேன். அதேதான்.

அருகு போல் வேரோடி என்று சும்மாவா வாழ்த்துகிறார்கள்? நான் பிடுங்கியதில் தப்பிய வேர்களும் இப்போது துளிர்த்துவிட்டன. இதில் எது காசு கொடுத்தது, எது களை என்று எனக்கே தெரியவில்லை.