மஸ்கெலியாவுக்கு வந்த துரையும் சாத்தான் இல்லாத சமயமும்

விக்கா என்ற சமயத்தைப் பற்றி எங்கள் இலங்கை மலைநாட்டில் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. கேள்விப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் அதைச் சூனியக்காரிகளின் கூட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சமயத்துக்கு உருவம் கொடுத்த ஆங்கிலேயரான ஜெரால்ட் கார்ட்னர், இளம் வயதில் தொழில் பழக வந்து தங்கிய இடம் மஸ்கெலியாப் பகுதியின் ஒரு தேயிலைத் தோட்டம் ஆகும். 1884இல் பிறந்த அவர், ஆஸ்துமா நோயினால் சிறுவயது முழுவதும் ஒரு தாதியின் பராமரிப்பில் வளர்ந்தவர். அந்தத் தாதி இலங்கையில் தோட்டம் வைத்திருந்த ஒருவரை மணந்துகொண்டபோது, 1900இல் அவரும் கூடவே வந்து, லட்புரோக் தோட்டத்தில் தேயிலை வேலை கற்றுக்கொண்டார். பின்னர் ஹோட்டன் சமவெளிக்குக் கீழேயுள்ள நொன்பரெயில் தோட்டத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அவர் நடந்து திரிந்த பழைய மஸ்கெலியா நகரம் இன்று மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும்.

இதை வைத்து விக்கா மலைநாட்டில் பிறந்தது என்று உரிமை கொண்டாடுவது வீண்பெருமை. கார்ட்னர் இங்கிருந்து போர்னியோவுக்கும் மலாயாவுக்கும் போய், சுங்க அதிகாரியாக இருந்து, 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகே, தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இரகசியமாக இயங்கிய ஒரு சூனியக்காரர் குழுவில் 1939இல் தீட்சை பெற்றதாகச் சொன்னார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தை பிரித்தானிய நாடாளுமன்றம் 1951இல் நீக்கியது. அதன் பின்னர் 1954இல் அவர் எழுதிய நூல் வழியாகவே இந்தச் சமயம் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பாவின் பழஞ்சமயம் அறுபடாமல் தொடர்ந்து வந்ததே தாம் கண்டது என்று அவர் நம்பினார். வரலாற்றாசிரியர்கள் அந்தத் தொடர்ச்சியை இன்று ஏற்பதில்லை. ஒரு சமயத்தின் வயது அதன் நெறிக்குத் தகுதியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்பதால், அந்த விவாதத்தை நான் இங்கே நீட்டப் போவதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று: நன்மையையும் தீமையையும் விக்காவினர் எங்கே வைத்துப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி.

முதலில் பரவலான ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். விக்காவில் சாத்தான் இல்லை. அவர்கள் வணங்கும் ஆண் தெய்வத்துக்குக் கொம்பு உண்டு. ஆனால் அது கலைமான் போன்ற விலங்குகளின் கொம்பு, வேட்டைக்கும் காட்டுக்கும் இறப்புக்கும் உரிய தெய்வத்தின் அடையாளம். அவருக்கு இணையாகவோ மேலாகவோ நிலவோடு தொடர்புடைய ஒரு தேவி இருக்கிறாள். இந்த இருவருக்கும் எதிராளியாக, உலகத்தைக் கெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு சக்தியை அவர்கள் கற்பிப்பதில்லை. 1974இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கூடிய ஒரு விக்கா பேரவை வெளியிட்ட 13 கொள்கைகளில், முழுமுதல் தீமை என்ற ஒன்றைத் தாங்கள் ஏற்பதில்லை என்றும், கிறிஸ்தவ மரபு சாத்தான் என்று சொல்லும் எதையும் தாங்கள் வணங்குவதில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதப்பட்டது. எல்லாக் குழுக்களையும் கட்டுப்படுத்தும் தலைமைப்பீடம் இந்தச் சமயத்தில் கிடையாது; எனவே அது சட்டமாகிவிடவில்லை. ஆயினும் அந்த வரியை மறுக்கும் விக்காவினரைக் காண்பது அரிது.

அடுத்தது இருளைப் பற்றியது. அவர்களுடைய தீட்சைச் சடங்கில் இடம்பெறும் ஒரு கதையில், தேவி கீழுலகுக்கு இறங்கிச் செல்கிறாள். வாயிற்காவலர் முன்னால் தன் ஆடையையும் அணிகலன்களையும் களைந்துவிட்டு, மரணதேவன் முன் நின்று, நான் நேசிப்பவற்றை எல்லாம் நீ ஏன் வாடி மடியச் செய்கிறாய் என்று கேட்கிறாள். அவன் அவளுக்குப் பகைவனாக இருப்பதில்லை. முதுமையையும் விதியையும் தன்னால் தடுக்க முடியாது என்றும், இறந்து வருபவர்களுக்கு ஓய்வும் அமைதியும் கொடுத்து மறுபடி பிறக்க வலுவூட்டுவதே தன் வேலை என்றும் அவன் பதில் சொல்கிறான்; இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். இறப்பும் இருளும் குளிர்காலமும் உலகின் ஒழுங்குக்குள் அடங்கியவை, அவற்றைத் தீமையின் கணக்கில் எழுதக் கூடாது என்பதே இந்தக் கதையின் உட்கிடக்கை. தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டியையும், தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவல் என்று நம்பப்படும் ரோதைமுனியையும் கும்பிட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்க வேண்டியதில்லை. பயங்கரமாக இருப்பது வேறு, தீயதாக இருப்பது வேறு என்பது கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்: முனியாண்டியிடம் நாம் காவல் கேட்கிறோம், கோபத்துக்கு அஞ்சுகிறோம், விக்காவினர் தங்கள் தெய்வங்களிடம் பெரும்பாலும் அஞ்சுவதில்லை.

அப்படியானால் தீமை எங்கேதான் இருக்கிறது? அவர்கள் விடையின்படி அது செயலில் இருக்கிறது. செயலுக்குப் பின்னாலுள்ள நோக்கத்திலும் இருக்கிறது. கார்ட்னரின் குழுவில் 1953இல் சேர்ந்து, விக்காவின் வழிபாட்டு உரைகளில் பலவற்றுக்குக் கவித்துவமான வடிவம் தந்த டொரீன் வலியன்டி, 1964இல் ஒரு கூட்டத்தில் பேசியபோது அந்த நெறியை ஒரே வாக்கியமாகச் சொன்னார்: எவருக்கும் கெடுதி நேராதெனில் உன் சித்தப்படி செய். இது கட்டளையாகச் சொல்லப்பட்டதல்ல, அறிவுரை. கூர்ந்து பார்த்தால் அது கெடுதி செய்யாதே என்றுகூடச் சொல்லவில்லை. கெடுதி இல்லாத எதையும் செய்ய உனக்கு உரிமை உண்டு என்று மட்டுமே சொல்கிறது. கெடுதி கலந்த செயல்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை ஒவ்வொருவரும் தம் தீர்ப்பால் நிரப்பிக்கொண்டு, விளைவையும் தாமே சுமக்க வேண்டும். எவருக்கும் என்பதில் தன்னையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று பெரும்பாலானோர் கூறுகிறார்கள். விலங்குகளையும் மண்ணையும் சேர்ப்பவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் போனால் எதையுமே செய்ய முடியாது என்பது வெளிப்படை. தேயிலைச் செடிகளுக்கிடையே புல் மண்டினால் கொழுந்தும் கூலியும் குறையும், களைநாசினி தெளித்தால் மண்ணும் தெளிப்பவரின் உடம்பும் கெடும். கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015இல் நாடு முழுவதும் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்த கதையை நாம் பார்த்தவர்கள்தானே. கெடுதியே இல்லாத வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. குறைந்த கெடுதியைத் தேடுவதுதான் நடைமுறை. விக்காவில் சிந்தனையுள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

உன் சித்தமே சட்டம் என்ற பொருளில் ஆங்கிலேய மந்திரவாதி அலிஸ்டர் குரோலி 1904இல் எழுதியதன் சாயல் இதில் உண்டு. குரோலியிடம் இல்லாத கெடுதி பற்றிய நிபந்தனையைச் சேர்த்ததுதான் விக்காவின் பங்கு, அதுவே பெரிய பங்கு என்பது என் எண்ணம். 1901இல் கார்ட்னர் சிறிது காலம் கண்டியில் குடியிருந்தபோது, அதற்குச் சற்று முன்புவரை பக்கத்துப் பங்களாவில் இருந்தவர் இதே குரோலி. இருவரும் அப்போது ஒருவரையொருவர் அறியவில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்த எவருக்கும் செய்வினை என்ற சொல்லின் கனம் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கும் வேலை நின்றுபோயிருந்தது. அழைத்துவரப்பட்ட பூசாரி வாசல் திண்ணையான இஸ்தோப்பின் ஓரத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைத் தோண்டச் சொல்லி, தாமே கையை விட்டு ஒரு கறுப்புத் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே சுருட்டிய செம்புத் தகடும், துருப்பிடித்த ஆணி குத்திய காய்ந்த எலுமிச்சம்பழமும், கொஞ்சம் தலைமுடியும் இருந்தன. யார் வைத்தது என்று அந்தத் தாய் அழுதுகொண்டே கேட்டபோது, "நான் பேர் சொல்ல மாட்டேன் தாயி, அது ஒனக்கே தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து அந்த அம்மா அடுத்த காம்பராவிலிருந்த தம் நாத்தனாரோடு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பிறகு மருந்தில் குணமாயிற்று. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

செய்வினையின் இந்த உலகில் தீமை எப்போதும் இன்னொருவர் அனுப்பியதாகவே வருகிறது. அதை எடுப்பதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் ஆள் உண்டு, கட்டணம் உண்டு. நான் என்ன செய்தேன் என்று கேட்பதற்கு இடம் கிடையாது. விக்காவினரும் உப்பையும் தண்ணீரையும் வைத்து வீட்டைச் சுத்தி செய்கிறார்கள், தாயத்துப் போன்றவற்றை எழுதுகிறார்கள், நிலவு நாள் பார்க்கிறார்கள். கருவிகளில் நமக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகமில்லை. தூரம் கேள்வியில்தான். சடங்கு தொடங்குமுன், இது யாருடைய விருப்பத்தையாவது மடக்குகிறதா என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இதனால்தான் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தன்மேல் ஆசைப்பட வைக்கும் வசியத்தை அவர்களில் பெரும்பாலோர் தவறு என்கிறார்கள். நம்மூரில் பத்திரிகையில் விளம்பரம் போட்டு விற்கப்படும் சரக்கு அது. நோயாளியின் சம்மதத்தைக் கேட்காமல் அவருக்காகக் குணப்படுத்தும் சடங்கைக்கூடச் செய்யாதவர்கள் பலர் இருக்கிறார்கள். நல்லதைச் செய்வதற்கும் அனுமதி வேண்டும் என்ற அந்தக் கண்டிப்பு, கேட்காமலே திருநீறு போட்டு மந்திரிக்கும் சூழலிலிருந்து வந்த எனக்கு முதலில் மிகையாகத் தோன்றியது. இப்போது அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

தற்காப்பு என்று வரும்போது அவர்களுக்குள்ளேயே கருத்து பிரிகிறது. 1940இல் ஹிட்லரின் படை இங்கிலாந்தில் இறங்கக்கூடும் என்று அஞ்சப்பட்டபோது, நியூ ஃபாரஸ்டில் சூனியக்காரர்கள் கூடி, உன்னால் கடலைத் தாண்ட முடியாது என்ற எண்ணத்தை அவனுடைய மனத்துக்கு அனுப்பும் சடங்கைச் செய்ததாக கார்ட்னர் சொல்லியிருக்கிறார். அது உண்மையில் நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவன் சாகட்டும் என்று அவர்கள் ஏவவில்லை, வராதே என்று தடுத்தார்கள் என்று அவர் சொன்ன விதம் கவனத்துக்குரியது. தீங்கு செய்பவனின் கையைக் கட்டிப்போடுவது சரி, சாபமிடுவது தவறு என்று ஒரு சாரார் கோடு கிழிக்கிறார்கள். கட்டிப்போடுவதும் விருப்பத்தை மடக்குவதுதானே என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். கொடுமைக்காரனைச் சபிக்காமல் இருப்பது பாதிக்கப்பட்டவளுக்குச் செய்யும் கெடுதி என்பவர்களும் இருக்கிறார்கள்.

அனுப்பியது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்ற விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பழகிய காதுக்கு அது உடனே பிடித்துவிடும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1949இல் கார்ட்னர் எழுதிய புதினத்தின் தீட்சைக் காட்சியில் அதன் முளை இருக்கிறது. அங்கே அது, உனக்கு நன்மை கிடைத்தால் நீ மும்மடங்காகத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற பொருளில் வருகிறது. பின்னாளில் அது பிரபஞ்சமே கணக்கு வைத்துத் தண்டிக்கும் விதியாக மாறி, குறிப்பாக அமெரிக்காவில் பரவியது. விக்காவினர் எல்லாரும் அதை எழுத்துக்கு எழுத்து நம்புவதில்லை. அடி விழும் என்பதற்காக மட்டும் கெடுதி செய்யாமல் இருப்பது, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி நிற்கும்வரை ஒழுங்காக நிற்பதைப் போன்றது.

எனக்கு உண்மையில் இடறுவது வேறிடத்தில். கார்ட்னர் மஸ்கெலியாவில் தொழில் பழகிய காலத்தில் துண்டு முறை நடைமுறையில் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது; கடனை அடைத்தால் விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் காகிதத் துண்டோடு, அதை அடைக்க ஒப்புக்கொண்ட மற்றத் தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறினார்கள். அது 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த இளைஞர் தனிப்பட்ட முறையில் எவருக்கும் கொடுமை செய்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவருடைய பங்களாவுக்குக் கீழேயிருந்த லயங்களில் நடந்த கெடுதிக்கோ தனிப்பட்ட எந்த மனிதரின் தீய நோக்கமும் தேவைப்படவில்லை. பேரேடும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடும் போதுமாயிருந்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியபோதும் எவரும் எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்தவில்லை, நாடாளுமன்றத்தில் கையைத்தான் உயர்த்தினார்கள். செயலையும் நோக்கத்தையும் தனிமனிதரிடம் மட்டும் தேடும் ஒரு நெறி, இத்தகைய கெடுதியை எந்தக் கண்ணால் பார்க்கும்?

இந்தக் குறையை அவர்களில் சிலரே கண்டிருக்கிறார்கள். 1979இல் தம் முதல் நூலை வெளியிட்ட ஸ்டார்ஹாக் என்ற அமெரிக்கப் பெண்மணி, பிறர்மேல் செலுத்தும் அதிகாரத்தையும் தன்னுள்ளிருந்து எழும் ஆற்றலையும் வேறுபடுத்தி, முன்னதுதான் தீமையின் வேர் என்று எழுதினார். 1981இல் கலிபோர்னியாவின் டயப்லோ கன்யன் அணுமின் நிலையத்தை மறித்த போராட்டத்தில் கலந்துகொண்டு கைதானார். அவர் தொடங்கிய மரபில் சடங்கும் மறியலும் ஒரே காரியத்தின் இரண்டு பகுதிகள். பழைய மரபினர் பலர் சமயத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்துவிட்டார் என்று அவரைக் குறை கூறினார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் காலத்தில் கோயில் முன்றலிலேயே கூட்டம் போட்டுப் பழகிய தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால், அந்த வழக்கில் என் சாய்வு ஸ்டார்ஹாக் பக்கமே.