நூலகக் கம்ப்யூட்டரில் ஓடிஆர் பதிவு செய்து முடித்த அனுபவம்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களில் நிறையப் பேரிடம் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. நானும் அப்படித்தான். டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுகளுக்கு விண்ணப்பிக்க முதலில் செய்ய வேண்டிய ஒருமுறைப் பதிவுதான் ஓடிஆர். அந்தப் பதிவு என்றதும் எல்லோரும் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்புகிறார்கள். நான் எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் உள்ள பொதுக் கம்ப்யூட்டரிலேயே அதை முடித்தேன். அங்கே விதிமுறைகள் நிறைய. முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஒன்றுகூடத் தடையாக இருக்காது. அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிரவுசிங் சென்டரைத் தவிர்த்ததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. என் தோழிக்கு ஒரு கடையில் பதிவு செய்து கொடுத்தவர்கள், கடையின் இமெயில் முகவரியையே அதில் போட்டுவிட்டார்கள். பாஸ்வேர்டும் அவர்கள் வைத்ததுதான். அடுத்த தேர்வுக்கு அவளே விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தபோது உள்ளேயே போக முடியவில்லை. கடையில் போய்க் கேட்டால், பதிவு செய்து கொடுத்த பையன் வேலையை விட்டே போய்விட்டானாம். ஓடிஆர் ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதன் சாவி அடுத்தவர் கையில் இருக்கவே கூடாது.

நூலகத்தின் கணினிப் பிரிவு வாசலில் ஒரு லேமினேட் செய்த தாள் ஒட்டியிருந்தது. உறுப்பினர் அட்டையோ அரசு அடையாள அட்டையோ வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவருக்கு ஒரு மணி நேரம், பென் டிரைவ் கூடாது, எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது, கேம், சினிமா, சாட்டிங் கூடாது, பணப் பரிவர்த்தனை கூடாது, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து, போன் சைலண்ட்டில். படித்ததும் இரண்டு இடம் எனக்கு இடித்தது. பென் டிரைவ் இல்லாமல் போட்டோவை எப்படிக் கொண்டுவருவது? பணப் பரிவர்த்தனை கூடாதென்றால் பதிவுக் கட்டணம் 150 ரூபாயை எங்கே கட்டுவது?

அதற்கு முன்னால் பதிவேடு. பெயர், முகவரி, செல்போன் எண், அடையாள அட்டை விவரம், எந்த கம்ப்யூட்டர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. 'இணையம் பார்க்க இவ்வளவா' என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிரவுசிங் சென்டர்களுக்கு மத்திய அரசு 2011-இல் கொண்டுவந்த விதிகளும் இதே விவரங்களைத்தான் கேட்கின்றன. அந்தப் பதிவேட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கவும் சொல்கின்றன. பொதுக் கம்ப்யூட்டரில் யாராவது தப்பான வேலை செய்தால், அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும். நியாயம்தான்.

எனக்கு இருந்த தயக்கம் வேறு. என் வரிக்கு மேலே பத்துப் பேருடைய போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. என்னுடையதும் அடுத்து வருகிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஒரு பெண்ணாக இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நூலகரிடம் நேராகவே கேட்டேன். "நீ மெம்பர்தானேம்மா? மெம்பர் நம்பரை மட்டும் எழுது. போன் நம்பர் எங்க ஃபைல்ல இருக்கு, போதும்" என்றார். அடையாள அட்டையைக் காட்டி உட்காரலாம் என்று இருந்தாலும், முதலில் உறுப்பினராகிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். காப்புத்தொகையும் சந்தாவும் சிறு தொகைதான்.

இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில், 1948-இல். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 பைசா. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிற வாடகைக்குள்ளும் அது அடக்கம். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற யாரும் அங்கே இலவசத்துக்கு வந்தவர் இல்லை.

சரி, பென் டிரைவுக்கு வருவோம். வைரஸ் பயத்தில்தான் தடை. அதற்கு மாற்று, எல்லாவற்றையும் நமக்கு நாமே மெயில் அனுப்பிக்கொள்வது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஸ்டூடியோவிலேயே மெயிலில் அனுப்பச் சொன்னேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எண்களைப் பார்த்து எழுதத் தேவைப்படும். இதையெல்லாம் முந்தின நாளே முடித்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் ஃபாரம் நிரப்ப மட்டும்தான்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்தேன். அதை மூடினாலே லாகின் விவரங்கள் போய்விடும். ஜிமெயிலுக்குள் போகும்போது 'நீங்கள்தானா' என்று போனுக்கு ஒரு கேள்வி வரும். ஆதாருக்கு ஓடிபி வரும். போனை சைலண்ட்டில் போடுங்கள், ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பலரும் மாட்டிக்கொள்கிற இடம் போட்டோவின் அளவு. போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள், இரண்டும் ஜேபிஜியாக இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். இதைக் குறைத்துத் தருகிற வெப்சைட்டுகள் ஏராளம். முகத்தையும் கையெழுத்தையும் ஊர் பேர் தெரியாத வெப்சைட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எதையும் இன்ஸ்டால் செய்யவும் கூடாது. விண்டோஸிலேயே இருக்கிற பெயின்ட் போதும். படத்தை அதில் திறந்து, கையெழுத்தைச் சுற்றி இருக்கும் வெற்றுத்தாளை கிராப் செய்து எறிந்துவிட்டு, ரீசைஸில் சதவீதத்தைக் குறைத்து, ஜேபிஜியாக சேவ் செய்ய வேண்டும். அளவு இன்னும் கூடுதலாக இருந்தால் சதவீதத்தை மேலும் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் சேவ் செய்ததையே மறுபடி மறுபடி குறைத்துக்கொண்டே போகாமல், ஒவ்வொரு தடவையும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். இல்லாவிட்டால் முகம் கலங்கிவிடும்.

பணம் கட்டும் பக்கம் வந்ததும் எழுந்துபோய் நூலகரைக் கூப்பிட்டேன். விதியை மீறிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வதைவிட முதலிலேயே கேட்டுவிடுவது மேல். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கார்டு நம்பர், பேங்க் பாஸ்வேர்டு எதையும் இதுல அடிக்காதே. அதுக்குத்தான் இந்த ரூல். போன்லேயே கட்ட வழி இருந்தா கட்டிக்கோ" என்றார். டிஎன்பிஎஸ்சியில் இப்போது யுபிஐ மூலமும் பணம் கட்டலாம். திரையில் வந்த க்யூஆர் கோடை என் போனில் ஸ்கேன் செய்தேன், 150 ரூபாய் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. இது பதிவுக்கு மட்டும்தான். குரூப் 4 விண்ணப்பத்துக்குத் தேர்வுக் கட்டணம் 100 ரூபாய் தனி. கட்டணச் சலுகை உள்ள பிரிவினர் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது அந்த லேமினேட் தாளில் இல்லாத விஷயம். இருந்திருக்க வேண்டும். இன்காக்னிட்டோவை மூடினால் லாகின் போகும், ஆனால் டவுன்லோடு செய்த ஃபைல்கள் எங்கேயும் போகாது. என் போட்டோவை அழிக்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன ஆதார் பிடிஎஃப்கள், சாதிச் சான்றிதழ்கள், ஒரு பெண்ணின் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், யாரோ ஒருவருடைய மெடிக்கல் ரிப்போர்ட். ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. பக்கத்திலேயே மதிப்பெண் பட்டியல் கிடந்தால் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

எனக்குப் பதறிவிட்டது. உடனே நூலகரிடம் காட்டினேன். அவருக்கும் முகம் மாறிவிட்டது. என்னுடையதை நான் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்தேன். அப்படிச் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராக அழிந்துவிடும். மற்றதை அவரே உட்கார்ந்து அழித்தார். அடுத்த தடவை போனபோது ஒவ்வொரு மானிட்டருக்குக் கீழேயும் 'டவுன்லோடு செய்ததை அழித்துவிட்டுச் செல்லவும்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார். பெரிய நூலகங்களில் ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் தானாக அழிகிற மாதிரி அமைப்பு வைப்பது உண்டு. அதே அமைப்பு சின்ன ஊர் நூலகங்களுக்கும் வர வேண்டும். பெரிய செலவு ஆகிற விஷயமும் இல்லை.

ஒரு மணி நேரக் கெடுவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். காத்திருப்பவர்கள் இல்லையென்றால் நீட்டித் தருகிறார்கள். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், காலையில் திறந்ததும் போவது உத்தமம். விண்ணப்பக் கடைசி நாளில் மட்டும் போகாதீர்கள், அன்று சர்வரும் திணறும், நூலகமும் நிரம்பி வழியும். எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டுக்குப் பக்கக் கணக்கில் காசு வாங்குகிறார்கள், சில்லறையோடு போங்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கி நின்றால் பாதியில் கிளம்பிவிடாதீர்கள். சரியானதும் உங்கள் தாள் வெளியே வந்து, அடுத்தவர் கையில் போய்ச் சேரும். பதிவு எண்ணையும் பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வீட்டில் வைத்துவிட்டேன். ஹால் டிக்கெட் வந்ததும் அதே கம்ப்யூட்டரில் இரண்டு பிரதி எடுத்தேன்.