எழுந்து நின்றாலே படபடப்பு

அக்காவுக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) வந்து ஆறு வருஷம். போன மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பெஞ்சிலிருந்து எழுந்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். "வெறும் பயம்தான்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். எனக்கு ஆறவே இல்லை. வேறு டாக்டர் படுக்கவைத்துப் பார்த்தார்: நாடித்துடிப்பு 78. நின்ற பத்து நிமிடத்துக்குள் 120. ரத்த அழுத்தமோ இறங்கவில்லை. இதயத்துடிப்பைத் தானாக நடத்தும் நரம்புகளின் கோளாறு, எழுந்து நின்றாலே துடிப்பு எகிறும், பெயர் பாட்ஸ் (POTS) என்றார்.

இப்போது எழும் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர், இறுக்கமான நீளக் காலுறை. உப்பும் கூட்டச் சொல்வார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டவே கூடாது.

அப்புறம் ஒன்று. துடிப்பைக் குறைக்க முதலில் தந்தது புரோப்ரனலால். நம்ம ஊர்க் குளிரில் அவள் விரல்நுனி ஏற்கெனவே சுண்ணாம்பாய் வெளுத்து நீலமாகும். அந்த மாத்திரை அதைக் கூட்டக்கூடியது. விரலைக் காட்டியதும் ஐவாபிரடின் என்று மாற்றிக் கொடுத்தார்.

இன்று அவளே நின்று டீ போட்டாள்.